வால்வு கிதார் ஆம்ப் மக்கர் செய்தால் எங்கே தேடுவது?

பழைய ரேடியோவில் இருந்ததுபோன்ற கண்ணாடி வால்வு போட்ட கிதார் ஆம்ப் ஒன்று பழுதாகி, அதை நம் பக்கத்தில் யாரிடமாவது காட்டினால் முதலில் வருகிற பதில் "வால்வு போயிருக்கும்" என்பதுதான். வால்வை மாற்றுவார்கள். சரியாகாது. "அப்போ கண்டென்சர்தான்" என்று உள்ளே இருக்கிற அத்தனை கண்டென்சரையும் பிடுங்கிப் புதிது போடுவார்கள். காசு கணிசமாகக் கரைந்திருக்கும், ஆம்ப் இன்னும் இரைந்துகொண்டிருக்கும், கூடவே பழைய கோளாறோடு புதுக் கோளாறு ஒன்றும் சேர்ந்திருக்கும். எங்கே பழுது என்று தெரிந்துகொள்ளாமல் பாகத்தை மாற்றுவதால் வருகிற வினை இது.

வால்வு ஆம்ப் என்பது ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிற சில கட்டங்கள், அவ்வளவுதான். சிக்னல் எந்தக் கட்டம் வரை ஒழுங்காக வருகிறது, எந்தக் கட்டத்தில் கெடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மிச்சத்துக்கு ஒரு மல்டிமீட்டரும் பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதியும் போதும். அந்தத் தேடலை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் கிதார் என்றால் பெரும்பாலும் சர்ச்சோடும் கல்லூரியோடும் சேர்ந்தது. எல்லோர் கையிலும் ஃபெண்டரோ மார்ஷலோ இருக்காது. பழைய மைக் செட் கடைகளில் தூசியேறிக் கிடக்கிற வால்வு ஆம்பை வாங்கி அதில் கிதார் மாட்டுகிறவர்களும் உண்டு. எதுவானாலும் உள்ளே இருக்கிற தத்துவம் ஒன்றே. 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் ஆம்ப்கூட அமெரிக்க ஃபெண்டர் பேஸ்மேனின் சர்க்யூட்டை ஒட்டித்தான் செய்யப்பட்டது. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதும் புரியும்.

உள்ளே என்ன நடக்கிறது

கிதார் பிக்கப்பில் பிறக்கிற சிக்னல் மிகச் சின்னது. சாதாரணமாக நூறு, இருநூறு மில்லிவோல்ட் இருக்கும். முதல் வால்வு அதைச் சுமார் ஐம்பது மடங்கு பெருக்குகிறது. இந்த இடத்தில் பெரும்பாலும் இருப்பது 12ஏஎக்ஸ்7. ஐரோப்பிய ஆம்ப்களில் இதையே இசிசி83 என்று எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒரே வால்வு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு தனித்தனிப் பெருக்கிகள் அதில் இருக்கும். வால்யூம், டோன் கண்ட்ரோல்களில் சிக்னல் கொஞ்சம் தேயும், அடுத்த பாதி அதை ஈடு கட்டும். பெரிய ஆம்ப் என்றால் அதன்பின் ஃபேஸ் இன்வெர்ட்டர் என்று ஒரு வால்வு. அது சிக்னலை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகிற இரண்டு பிரதிகளாக்கி, இரண்டு பவர் வால்வுகளுக்குக் கொடுக்கும். பவர் வால்வு என்றால் இஎல்84, இஎல்34, 6வி6, 6எல்6 இவற்றில் ஒன்றாக இருக்கும். கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர். வால்வு தருவது நிறைய வோல்டேஜ், கொஞ்சம் கரண்ட். ஸ்பீக்கருக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். அந்த மாற்றத்தைச் செய்வது இந்த டிரான்ஸ்பார்மர்தான். ஃபெண்டர் சாம்ப் போன்ற சின்ன ஆம்பில் ஒரே ஒரு பவர் வால்வு, ஃபேஸ் இன்வெர்ட்டரே கிடையாது. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல செட் இல்லை.

இது சிக்னலின் பாதை. அதற்குத் துணையாக இன்னொரு பாதை இருக்கிறது, மின்சாரத்தின் பாதை. பவர் டிரான்ஸ்பார்மர் இரண்டு விதமாக வோல்டேஜ் கொடுக்கிறது. ஒன்று, வால்வின் ஹீட்டரைச் சூடாக்க 6.3 வோல்ட். இன்னொன்று சில நூறு வோல்ட். இந்த உயர் வோல்டேஜை ரெக்டிஃபையர் வால்வோ டையோடோ டி.சி.யாக்குகிறது. ஆனால் அப்படி வருகிற டி.சி. விட்டு விட்டுத்தான் வரும். அதைச் சமப்படுத்துவது ஃபில்டர் கண்டென்சர்கள். மோட்டார் தண்ணீரை விட்டு விட்டுத் தள்ளினாலும் மொட்டை மாடி டேங்க் குழாய்க்குச் சீராக அனுப்புகிறதே, அந்த வேலை. மோட்டாரை நிறுத்திய பிறகும் டேங்கில் தண்ணீர் நிற்கும். ஆம்பிலும் அப்படியே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சருக்குள் 300, 400 வோல்ட் நிற்கும்.

கை வைக்கும் முன்

அந்த 400 வோல்ட் ஆளைக் கொல்லும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வால்வு ஆம்பில் வேலை செய்கிறவர் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். இது பழக்கமாகாமல் சேசிஸை, அதாவது பாகங்கள் எல்லாம் பொருத்தியிருக்கிற உலோகத் தட்டை, திறக்க வேண்டாம்.

முதலில் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்குங்கள். பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் உள்ளே பேஸ் வயர் உயிரோடு இருக்கும். அப்புறம் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் இன்சுலேஷன் உள்ள வயரும் முதலைக் கிளிப்பும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பைச் சேசிஸில் மாட்டுங்கள். இன்னொன்றை ஒற்றைக் கையால் ஃபில்டர் கண்டென்சரின் பிளஸ் முனையில் மாட்டி, கால் நிமிடம் விடுங்கள். பிறகு மீட்டரை டி.சி. 1000 வோல்ட் ரேஞ்சில் வைத்து அளந்து பாருங்கள். சில வோல்ட்டுக்குக் கீழே வந்திருக்க வேண்டும். எத்தனை ஃபில்டர் கண்டென்சர் இருக்கிறதோ அத்தனையிலும் அளக்க வேண்டும். சிலர் ஸ்குரூ டிரைவரை வைத்து 'டப்' என்று ஷார்ட் செய்வார்கள். அது கண்டென்சரையும் கெடுக்கும், தெறிக்கிற உலோகம் கண்ணிலும் படும்.

கரண்ட் ஓடுகிற நிலையில் அளக்கும்போது ஒரு கை மட்டும் வேலை செய்யட்டும், இன்னொரு கை பாக்கெட்டிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கட்டும். ஒரு கையில் ஏறி மறு கை வழியாக இறங்கும் மின்சாரம் நெஞ்சைக் கடந்து போகும் என்பதுதான் காரணம். மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிட்டால் ஒரு கை தானாகவே ஓய்ந்துவிடும். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும், வெறுந்தரையில் நிற்காதீர்கள். வேலூர் வெயிலில் மே மாதம் உட்கார்ந்து இந்த வேலை செய்யும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஈரத் தோல் உலர்ந்த தோலைவிடப் பல மடங்கு எளிதாக மின்சாரத்தை உள்ளே விடும். வியர்த்துக் கொட்டினால் எழுந்து போய்த் துடைத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் திறக்காதீர்கள்.

இன்னொரு விதி, இது ஆம்பின் உயிருக்கு. ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பை ஓட விடக் கூடாது. சுமையில்லாத அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் எகிறி, உள்ளே இன்சுலேஷனை உடைத்துவிடும். அந்த டிரான்ஸ்பார்மர்தான் செட்டிலேயே கிடைக்க அரிதான பாகங்களில் ஒன்று.

எந்த ஊர் கரண்டுக்குச் செய்தது?

அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் சின்ன மருந்தகமாகத் தொடங்கியது இன்று சி.எம்.சி. மருத்துவமனையாக நிற்கிறது. அந்தக் காலத்திலிருந்து அமெரிக்கர்கள் வந்து தங்கிப் போகிற ஊர் இது. அதனால் அமெரிக்கப் பொருள் கைமாறிக் கிடைத்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஆனால் அமெரிக்க ஆம்ப் 110 முதல் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், டிரான்ஸ்பார்மரே போனால் செட் போனதுதான். பின்பக்கத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, தேவையான வாட்டுக்கு மேலேயே தாங்குகிற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. 60-க்கு மட்டும் கணக்குப் போட்டுச் செய்த டிரான்ஸ்பார்மர் நம் கரண்டில் சற்று அதிகமாகச் சூடாகும். அரை மணி ஓட விட்டு, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகு தொட்டுப் பாருங்கள், கை வைக்கவே முடியாத சூடென்றால் அதை அப்படியே ஓட்டாதீர்கள். வாக்ஸ், மார்ஷல் போன்ற பிரிட்டிஷ் ஆம்ப்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்கள் ஊர் கரண்டும் நம்முடையதைப் போன்றதே. பின்னால் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் அது எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

பழைய அமெரிக்க ஆம்பில் இரண்டு பின் வயர்தான் வரும். மெயின்ஸின் ஒரு வயரிலிருந்து சேசிஸுக்கு ஒரு சின்னக் கண்டென்சர் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் கிதார் கம்பியிலேயே ஷாக் அடிக்கும். ஒரு கை கிதாரில், உதடு மைக்கில் என்று நிற்கிற பாடகரின் நிலையை யோசித்துப் பாருங்கள். எனவே அந்தக் கண்டென்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, மூன்று பின் வயர் போடுவது பழமையைக் கெடுக்கிற வேலை அல்ல. பேஸ் முதலில் ஃபியூஸுக்கு, அங்கிருந்து சுவிட்சுக்கு. எர்த் வயர் தனி போல்ட்டில் சேசிஸோடு இறுக வேண்டும். சுவரில் மூன்றாவது ஓட்டைக்குள் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய வீடுகளில் ஓட்டை இருக்கும், வயர் இருக்காது. மீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230 காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

கண்ணால் பார்ப்பது, குண்டு பல்பால் பார்ப்பது

கரண்ட் கொடுக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் உள்ளே நிதானமாகப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். உப்பிய கண்டென்சர், அதன் அடியில் காய்ந்த பிசுபிசுப்பு, கருகிய ரெசிஸ்டர், எலி கடித்த வயர், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சுற்றி வைத்த செப்புக் கம்பி. இந்தக் கடைசி ஒன்று நம் பக்கம் அடிக்கடி கண்ணில் படும். யாரோ ஒருவர் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறதென்று அலுத்துப்போய்ச் செய்திருப்பார். அப்படியானால் உள்ளே உண்மையான ஷார்ட் ஒன்று காத்திருக்கிறது என்று பொருள். வால்வின் தலையில் கண்ணாடிக்குள் வெள்ளி பூசியதுபோல் பளபளக்கும். அது பால் வெள்ளையாகிவிட்டிருந்தால் காற்று உள்ளே புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்தது. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மீட்டரில் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஏழு ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச் சுருள் அறுந்திருக்கிறது.

இனி கரண்ட். ஆனால் நேராக வேண்டாம். நம் எலக்ட்ரீஷியன்கள் எல்லோருக்கும் தெரிந்த சீரிஸ் பல்பு போர்டு இங்கே கைகொடுக்கும். ஆம்புக்குப் போகும் பேஸ் வயரின் நடுவில் ஒரு குண்டு பல்பு, சின்ன ஆம்புக்கு 60 வாட், பெரியதற்கு 100 வாட். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, இழை எரிகிற பழைய பல்பேதான் வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரிந்து மொத்த வோல்டேஜையும் தானே எடுத்துக்கொள்ளும், ஆம்ப் தப்பிக்கும்.

முதலில் எல்லா வால்வையும் கழற்றிவிட்டு, எது எந்த சாக்கெட் என்று எழுதி வைத்துக்கொண்டு, சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. ரெக்டிஃபையர் வால்வுள்ள செட்டில் இந்தச் சோதனை டிரான்ஸ்பார்மரை மட்டும்தான் பார்க்கிறது. இப்போதே பல்பு பளிச்சென்று நின்று எரிந்தால் பவர் டிரான்ஸ்பார்மரைச் சந்தேகிக்க வேண்டும். டையோடு போட்ட செட் என்றால் டையோடும் ஃபில்டர் கண்டென்சரும் அதே பட்டியலில் சேரும். அடுத்து ரெக்டிஃபையர் வால்வை மட்டும் போட்டுப் பாருங்கள். இப்போது பிரகாசமானால் ரெக்டிஃபையரோ ஃபில்டர் கண்டென்சரோ. கடைசியாக ஸ்பீக்கரையும் மாட்டி மற்ற வால்வுகளையும் போட்டால் பல்பு கொஞ்சம் கூடுதலாக, மிதமாக எரியும். அது இயல்பு. பல்பு இருக்கும்வரை உள்ளே வோல்டேஜ் குறைவாகவே இருக்கும், அந்த நேரத்தில் அளந்த எண்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இன்னொன்று, பல்பு ஆம்பைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. ஷாக் அதே ஷாக்தான்.

எந்தக் கட்டத்தில்?

ஆம்பில் உயிர் இருக்கிறது, ஆனால் சத்தம் சரியில்லை என்று வைத்துக்கொள்வோம். கிதாரைக் கழற்றிவிட்டு வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சலோ கரகரப்போ அப்படியே இருந்தால் கோளாறு வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால் இருக்கிறது. மறைந்துவிட்டால் அதற்கு முன்னால். ஒரே ஒரு திருகலில் ஆம்பின் பாதியை ஒதுக்கிவிட்டோம்! வால்யூம் ஏற்றிய நிலையில் கிதார் வயரைப் பிடுங்கியதும் இரைச்சல் போய்விடுகிறதா? பல ஆம்ப்களின் ஜாக்கில் பிளக் இல்லாதபோது உள்ளீடு தானாகவே எர்த் ஆகிவிடும். அப்படியானால் ஆம்ப் நல்லாத்தான் இருக்கிறது. கிதார், வயர், அல்லது அறையில் இருக்கிற மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், டியூப் லைட், இவற்றில் ஒன்றுதான் காரணம். ஆம்பைக் கழற்றும் முன் ஃபேனை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து வால்வைக் கழற்றிப் பார்ப்பது. உள்ளீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் அணைத்து, ஆறவிட்டு, ஒரு சிறிய வால்வைக் கழற்றி மறுபடி போட்டுக் கேளுங்கள். முதல் வால்வைக் கழற்றியும் கரகரப்பு இருந்தால் குற்றவாளி அது இல்லை. இரண்டாவதைக் கழற்றியதும் நின்றுவிட்டால், அந்த வால்வோ அதைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர், கண்டென்சரோதான். தெரிந்த நல்ல வால்வை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள், சரியானால் வேலை முடிந்தது. ஆகவில்லையென்றால் அந்த சாக்கெட்டைச் சுற்றித்தான் மீட்டரைக் கொண்டுபோக வேண்டும். எல்லாச் சிறிய வால்வுகளும் வெளியே வந்த பிறகும் இரைச்சல் இருக்கிறதா? பவர் வால்வு, அல்லது மின்சாரப் பாதை. இந்தக் கழற்றும் முறை ஹீட்டர்கள் எல்லாம் பக்கவாட்டில் இணைந்த செட்டுக்கு மட்டும் பொருந்தும். கிதார் ஆம்ப் பெரும்பாலும் அப்படித்தான். பழைய ஏசி/டிசி ரேடியோக்களில் ஹீட்டர்கள் வரிசையாக இருக்கும், ஒன்றைக் கழற்றினால் எல்லாம் அணையும். அந்த ரேடியோக்களில் சேசிஸிலேயே பேஸ் இருக்கக்கூடும், பழகுகிறவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இரைச்சலின் சுரம்

'ஹம்' என்கிற அந்த ம்ம்ம் சத்தத்தைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் கிதார் வாசிப்பவரின் காதே இங்கே ஒரு கருவி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபையர் இரண்டு பக்க அலையையும் டி.சி.யாக்கும்போது மிச்சமாகிற அலை 100 ஹெர்ட்ஸ். ஆக, 100 ஹெர்ட்ஸ் ஹம் கேட்டால் ஃபில்டர் கண்டென்சர் பக்கம் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் கேட்டால் ஹீட்டர் வயரிங், எர்த் இணைப்பு, அல்லது பவர் வால்வின் கரண்டைக் கட்டுக்குள் வைக்கிற பயஸ் வோல்டேஜ் கொடுக்கிற சின்ன ரெக்டிஃபையர்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? கிதாரில் ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் வருகிற ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். ஹம் அந்தச் சுரத்தோடு ஒட்டினால் அது 100. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே முனகினால் 50. அமெரிக்கர்கள் எழுதியதைப் படிக்கும்போது இதில் கவனம் வேண்டும். அவர்களுக்கு 60-உம் 120-உம். ஐந்தாவது கம்பியின் இரண்டாவது ஃபிரெட் பி சுரத்துக்குச் சற்றுக் கீழே கேட்கும் என்பார்கள். நம் ஊரில் அந்தச் சுரத்தைத் தேடினால் கிடைக்காது.

100 ஹெர்ட்ஸ் என்று தெரிந்ததும் எல்லா நேரமும் கண்டென்சர்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். இரட்டைப் பவர் வால்வு ஆம்பில் மின்சாரத்தின் மிச்ச அலை இரண்டு வால்விலும் சமமாக வந்து, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு வால்வு தளர்ந்துவிட்டால் அந்தச் சமன் கெட்டு ஹம் வெளியே கேட்கும், கண்டென்சர் நன்றாகவே இருந்தாலும். பவர் வால்வு ஜோடியை மாற்றிப் பார்ப்பது ஈயம் உருக்குவதைவிட எளிது.

கண்டென்சர்தான் என்றால், நாற்பது ஐம்பது வருடப் பழைய எலக்ட்ரோலைட்டிக்கை (ஃபில்டருக்குப் போடுகிற கண்டென்சர் வகை இதுதான்) மறுபடி உயிர்ப்பித்து ஓட்டலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற செட்டுக்கு அது சரி. கிறிஸ்துமஸ் கேரலுக்கும் ஞாயிறு ஆராதனைக்கும் தூக்கிக்கொண்டு போகிற ஆம்புக்கு வேண்டாம், மாற்றிவிடுங்கள் என்பேன். இந்த வகைக் கண்டென்சரின் ஆயுள் சூடு பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. வேலூர் கோடையில் அறையே 40 டிகிரியைத் தொடும்போது ஆம்பின் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும்! புதிது வாங்கும்போது வோல்டேஜ் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கட்டும், பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. பெரியதாகப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று ரெக்டிஃபையர் வால்வுக்கு அடுத்த முதல் கண்டென்சரை இஷ்டத்துக்குப் பெருக்கவும் கூடாது. ஜிஇசட்34 என்கிற ரெக்டிஃபையர் வால்வுக்கே 60 மைக்ரோஃபாரட்தான் எல்லை.

மீட்டர் சொல்லும் கணக்கு

கட்டம் எது என்று தெரிந்துவிட்டது, எந்தப் பாகம் என்று தெரியவில்லை. இங்கே ஓம் விதி. 12ஏஎக்ஸ்7-இன் ஒரு பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் சூடாக்குகிற கேத்தோடிலிருந்து பிளேட்டுக்கு எலக்ட்ரான்கள் ஓடும், நடுவே இருக்கிற கிரிட் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். கேத்தோடில் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிளேட்டில் 100 கிலோ ஓம். பல ஆம்ப்களில் இதே மதிப்புகள்தான். கேத்தோடில் மீட்டர் 1.5 வோல்ட் காட்டுகிறது என்றால் அதன் வழியே ஓடுவது ஒரு மில்லி ஆம்பியர். அதே ஒரு மில்லி ஆம்பியர் பிளேட் ரெசிஸ்டரிலும் ஓட வேண்டும், அங்கே 100 வோல்ட் இறங்கும். மேலே 280 வோல்ட் வந்தால் பிளேட்டில் 180 இருக்க வேண்டும்.

இருக்கிறதா? இந்தக் கட்டத்தின் டி.சி. சரி, வேறிடம் பாருங்கள். பிளேட்டில் முழு 280-உம் நின்றால் வால்வில் கரண்டே ஓடவில்லை. ஹீட்டர் எரியவில்லையா, கேத்தோடு ரெசிஸ்டர் அறுந்திருக்கிறதா? பிளேட்டில் பூஜ்யம் என்றால் அந்த 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் திறந்துபோயிருக்கலாம். பிளேட் மிகத் தாழ்ந்து, கேத்தோடு ஏறி நின்றால் வால்வு அளவுக்கு மேல் இழுக்கிறது, முந்தின கட்டத்திலிருந்து டி.சி. கசிந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு எண்களை வைத்துக்கொண்டு இத்தனை கேள்விக்குப் பதில் கிடைப்பது எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சி தருகிற விஷயம்.

அந்தக் கசிவுதான் பழைய செட்டுகளின் பெரிய வியாதி. ஒரு கட்டத்தின் பிளேட்டுக்கும் அடுத்த கட்டத்தின் கிரிட்டுக்கும் நடுவே இருக்கிற கப்ளிங் கண்டென்சர், டி.சி.யைத் தடுத்து சிக்னலை மட்டும் விட வேண்டும். மெழுகு தடவிய காகிதக் கண்டென்சர்கள் வயதானதும் டி.சி.யையும் கசியவிடும். பவர் வால்வின் கிரிட்டில் பிளஸ் வோல்டேஜ் ஏறினால் வால்வு கட்டுமீறி இழுக்கும், உள்ளே இருக்கிற சாம்பல் நிறப் பிளேட் செக்கச்செவேலென்று பழுக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்த நொடியில் அணைத்துவிடுங்கள், யோசிப்பதெல்லாம் அப்புறம். ஓரிரு நிமிடத்தில் வால்வோடு டிரான்ஸ்பார்மரும் போய்விடும். (ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் எப்போதும் இருப்பது. கண்ணாடியின் உட்புறம் ஒட்டிய மெல்லிய நீல ஒளியும் பயப்பட வேண்டியது அல்ல.) பவர் வால்வைக் கழற்றிவிட்டு, செட்டை ஓடவிட்டு, அந்த சாக்கெட்டின் கிரிட் பின்னில் அளந்தால் குட்டு வெளிப்படும். கேத்தோடு ரெசிஸ்டரை வைத்தே கரண்டைக் கட்டுப்படுத்துகிற (கேத்தோடு பயஸ்) ஆம்பில் அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும். இரண்டு மூன்று வோல்ட் பிளஸ் இருந்தால் கண்டென்சரை மாற்றுங்கள். மைனஸ் வோல்டேஜ் கொடுத்துக் கட்டுப்படுத்துகிற ஆம்ப் என்றால் அந்த மைனஸ் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டாலும் இதே சிவப்புதான்.

பவர் வால்வுக்கும் அதே கணக்கு. இஎல்84 ஒன்றுக்கு 250 வோல்ட்டில் 135 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர் போட்டால் அங்கே 7.3 வோல்ட் அளவில் நிற்கும் என்று வால்வு செய்தவர்களின் தாளிலேயே இருக்கிறது. 12 வாட்தான் அதன் பிளேட் தாங்கும் எல்லை. உங்கள் செட்டில் மதிப்புகள் வேறாக இருக்கலாம், வகுக்கிற முறை மாறாது.

மற்ற தொல்லைகள் சுலபமானவை. திருகும்போது மட்டும் கரகரத்தால் வால்யூம் கண்ட்ரோலில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பலமுறை திருகி, நன்றாக உலரவிட்டால் போதும். வால்வை மரப் பென்சிலால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் டங் என்று கேட்டால் அந்த வால்வுக்குள் பாகங்கள் ஆடுகின்றன. முதல் இடத்திலிருந்து எடுத்துப் பின்னால் ஒரு கட்டத்தில் போட்டுப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் தொல்லை தராது. எதையும் தொடாமலே வாணலியில் கடுகு வெடிப்பது போன்ற சத்தம் வந்தால் பிளேட் ரெசிஸ்டரைச் சந்தேகிக்கலாம், பழைய கார்பன் வகைக்கு இது வழக்கம்.

பாகங்களுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ பெங்களூர் எஸ்.பி. ரோடோதான். காட்பாடியில் ரயிலேறினால் இரண்டுமே ஒரே நாளில் போய்த் திரும்புகிற தூரம். வால்வுக்குப் பழைய ரேடியோ மெக்கானிக்குகளை விசாரியுங்கள். இஎல்84 ஒரு காலத்தில் வீட்டு ரேடியோக்களில் சர்வ சாதாரணம், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நம் நாட்டிலேயே வால்வு செய்தது. அமெரிக்கர்கள் அதே வால்வை 6பிகியூ5 என்பார்கள், பெயர் வேறு என்பதால் வேண்டாம் என்று வந்துவிடாதீர்கள்.

சரிசெய்த ஆம்பை உடனே சர்ச்சுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல், வீட்டில் இரண்டு மணி நேரம் ஓட விட்டு எல்லா வோல்டேஜையும் இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். சூடேறிய பிறகுதான் சில கசிவுகள் தலைகாட்டும். அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். கூடவே அந்த நேரத்தில் சுவர் பிளக்கில் எத்தனை வோல்ட் இருந்தது என்பதையும் எழுதுங்கள். நம் லைனில் 250 வந்தால் 6.3 வோல்ட் ஹீட்டரில் 6.8-க்கு மேல் ஏறும், மற்ற எண்களும் அதே விகிதத்தில் ஏறும். அடுத்த முறை திறக்கிறவர் அந்த ஒரு எண் இல்லாமல் மற்ற எண்களை ஒப்பிட முடியாது.